கடினமான ஸ்பிரிங், குறைந்த பிடிப்பு: ஒரு வேகமான சாலைக் காரின் சஸ்பென்ஷன் ஆய்வு

ஐந்து கதவு ஹேட்ச்பேக், முன்சக்கர இயக்கம், இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின். முன்னால் மக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் அதன் ஆட்டத்தை அடக்கும் டாம்பரும் ஒரே தூணாகச் சேர்ந்தது), பின்னால் மல்டிலிங்க் (சக்கரத்தைப் பல ஆர்ம்கள் பிடிக்கும் அமைப்பு). 18 அங்குல ரிம்மில் 225/40 டயர். ஓட்டுபவரோடு சேர்த்து எடை 1,380 கிலோ, அதில் 61 சதவீதம் முன்சக்கரங்கள் மேல் நிற்கிறது. தினசரி வேலைக்குப் போய்வரும் கார்தான். ஆனால் விடுமுறை நாளில் மலைப்பாதையில் விறுவிறுப்பாக ஓட்டுவதற்கென்றே வாங்கியது. பந்தயத் தடத்துக்கு இது போவதே இல்லை. கீழே எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விவரத்திலிருந்து வந்தவை.

கார்க்காரர் ஏற்கெனவே உயரம் மாற்றக்கூடிய காயில்ஓவர் செட் (ஸ்பிரிங்-டாம்பர் தொகுப்பு) ஒன்றைப் போட்டு, வண்டியை 45 மி.மீ. இறக்கியிருந்தார். ரிம்மும் மாற்றியிருந்தார். அதன்பிறகு வண்டி பார்க்க நன்றாக இருந்தது, ஓட்டத்தான் பிடிக்கவில்லை. நேர்சாலையில் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். லாரிகள் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த தடத்தில் ஏறினால் வண்டி அந்தத் தடத்தின் போக்கிலேயே இழுக்கும். பிரேக் அழுத்தினால் முன்பக்கம் நெளியும். வளைவின் நடுவில் சின்ன மேடு வந்தால் அரை அடி வெளியே தாவும். இறுக்கமான வளைவில் மூக்கு உள்ளே வரவே மாட்டேன் என்கிறது. முன்டயர்களின் உள்விளிம்பு நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது, வெளிப்பக்கத்தில் பாதிக்கு மேல் ரப்பர் இருந்தது.

அவர் முதலில் கேட்டது: "அண்ணா, இன்னும் கெட்டியான ஸ்பிரிங் போட்டா வளைவுல உட்காருமா? இல்ல கேம்பரை ஏத்திடலாமா?"

"ரெண்டும் வேண்டாம் தம்பி, முதல்ல வண்டி எவ்வளவு தூரம் அசையுதுன்னு பாத்துடுவோம்" என்றேன். அலைன்மென்ட் அளவுகளைக் கடைசியாகத்தான் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பலர் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம்; மேல்விளிம்பு உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ்) டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) நின்றிருக்கும் வண்டியில் அளக்கும் எண்கள். ஓடும்போது சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கும் என்பதை சஸ்பென்ஷனின் அசைவு, புஷ்களின் (மூட்டுகளில் உள்ள ரப்பர் உறைகள்) நெகிழ்வு, உடலின் சாய்வு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. அவற்றைச் சரிசெய்யாமல் எடுக்கும் அலைன்மென்ட் தாள் வெறும் தாள்.

பழுதும் ரிம்மும்

லிஃப்டில் ஏற்றி முன் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) பின்பக்கப் புஷ்ஷைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தோம். இடது பக்கத்தில் ரப்பர் கிழிந்து ஆர்ம் முன்னும் பின்னும் தாராளமாக நகர்ந்தது. பிரேக் அழுத்தும்போது சக்கரத்தை பின்னுக்குத் தள்ளும் விசையின் பெரும்பகுதியை இந்தப் புஷ்தான் தாங்குகிறது. அது விட்டுக்கொடுத்தால் ஆர்ம் திரும்பும், டை ராட் (ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) திரும்பாது, அந்தப் பக்க டோ மட்டும் மாறும். பிரேக்கில் நெளிவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. எந்த அலைன்மென்ட்டும் இதைத் தீர்த்திருக்காது, ஏனென்றால் வண்டி நிற்கும்போது புஷ் தன் இடத்தில் அமைதியாக இருக்கும்.

இரண்டு பக்கமும் புதுப் புஷ் போட்டோம். மாற்றும்போது பலர் விட்டுவிடும் ஒன்று: ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டி தன் எடையில் நிற்கும் உயரத்தில்தான் முழுதாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். சீக்கிரம் கிழியும், நிற்கும் உயரத்தையும் கொஞ்சம் மாற்றிக் காட்டும். இந்த வண்டியில் காயில்ஓவர் போட்டபோது அப்படித்தான் இறுக்கியிருக்க வேண்டும் என்று கிழிசலின் திசையைப் பார்த்தால் தெரிந்தது.

அடுத்தது ரிம். கம்பெனி ரிம்மின் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அதை மாட்டும் முகம் வரை உள்ள தூரம்) 50 மி.மீ., புதிதாகப் போட்டதில் 35. அகலம் ஒன்றுதான். அப்படியென்றால் ஒவ்வொரு சக்கரமும் 15 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிறது. ஸ்டீரிங் அச்சை (திருப்பும்போது சக்கரம் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கற்பனைக் கோடு) நீட்டினால் தரையில் ஒரு புள்ளியைத் தொடும். அந்தப் புள்ளிக்கும் டயர் தடத்தின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரத்துக்கு ஸ்க்ரப் ரேடியஸ் என்று பெயர். முன்சக்கர இயக்க வண்டிகளில் இதைச் சிறியதாகவோ சற்று நெகட்டிவாகவோ (புள்ளி நடுக்கோட்டுக்கு வெளியே) வடிவமைப்பார்கள். 1972-ல் வந்த ஆடி 80 இதற்காகவே பேசப்பட்டது: ஒரு பக்க டயர் வழுக்கும் இடத்தில் இருக்கும்போது பிரேக் போட்டால், நெகட்டிவ் ஸ்க்ரப் ரேடியஸ் சக்கரங்களைச் சரியான திசைக்குத் தானே திருப்ப முயலும். இங்கே அந்த 15 மி.மீ. எல்லாவற்றையும் மறுபக்கம் தள்ளிவிட்டது. தடத்தில் ஏறினால் இழுப்பதற்கும், முழு ஆக்சிலரேட்டரில் ஸ்டீரிங் முறுக்குவதற்கும் பாதிக் காரணம் இதுதான். பழைய ரிம்மை அவர் நல்லவேளையாக விற்கவில்லை. அதையே திரும்பப் போட்டோம்.

எவ்வளவு அசைகிறது

டாம்பரின் கம்பியில் ஒரு கேபிள் டையைச் சுற்றிக் கட்டி, டாம்பரின் குழாயோடு ஒட்டத் தள்ளிவிட்டு, வழக்கமான சாலையில் ஓட்டி வர வேண்டும். டை எங்கே போய் நிற்கிறதோ அதுவரை சஸ்பென்ஷன் அமுங்கியிருக்கிறது. இதைவிட எளிய, இதைவிட உண்மை பேசும் அளவை எனக்குத் தெரியாது.

முன்னால் வண்டி நிற்கும் நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப் (அசைவின் எல்லையில் தாங்கும் ரப்பர்க் கட்டை) தொடும்வரை 14 மி.மீ. மட்டுமே மிச்சம் இருந்தது. கேபிள் டை பம்ப் ஸ்டாப்பை நன்றாக நசுக்கிய இடத்தில் நின்றது. அதாவது சாதாரண வளைவில் சாய்ந்தவுடனேயே வெளிப்பக்க முன்சக்கரம் ஸ்பிரிங்கை விட்டு பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிடுகிறது. பம்ப் ஸ்டாப்பும் ஒரு ஸ்பிரிங்தான், ஆனால் அமுங்க அமுங்க மிக வேகமாகக் கெட்டியாகும் ஸ்பிரிங். அது தொட்ட கணத்தில் முன்பக்கச் சாய்வு எதிர்ப்பு தாவி ஏறுகிறது. எடை மாற்றத்தின் பெரும்பங்கு முன் வெளி டயர் மேல் விழுகிறது, அந்த டயர் தாங்காமல் வழுக்குகிறது. மூக்கு உள்ளே வரவில்லை என்ற புகாருக்கு இதுதான் விளக்கம். அந்த நிலையில் மேடு ஒன்று வந்தால் சக்கரம் ஏற இடமே இல்லை, வண்டியே தாவ வேண்டும்.

வண்டியை இறக்கியதில் இன்னொரு கேடும் உண்டு. ஸ்ட்ரட் அமைப்பில் லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிடத் தாழ்வாக இருக்கும்வரை, சக்கரம் ஏறும்போது கேம்பர் சற்று நெகட்டிவாகப் போகும். ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி வெளிமுனை மேலே போய்விட்டால் அந்த ஆதாயம் சுருங்கி, பிறகு எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும். ரோல் சென்டரும் (உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) புவியீர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், வண்டியைத் தாழ்த்திய பிறகும் உடலைச் சாய்க்கும் நெம்புவிசை அதிகமாகிறது. தாழ்த்தினால் சாய்வு குறையும் என்பது ஸ்ட்ரட் காரில் ஓரளவு வரைக்கும்தான் சரி.

ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கி வைத்து சக்கரத்தை மேலும் கீழும் நகர்த்தி டோ எப்படி மாறுகிறது என்றும் பார்த்தோம். 45 மி.மீ. இறக்கிய உயரத்திலிருந்து 30 மி.மீ. ஏறும்போது ஒவ்வொரு சக்கரமும் 14 நிமிடம் வெளியே திரும்பியது. (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்.) லோயர் ஆர்மும் டை ராடும் வரையும் வட்டப்பாதைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாத இடத்துக்கு வண்டி இறங்கிவிட்டதால் வருவது இது. கம்பெனி உயரத்துக்கு 20 மி.மீ. கீழே வைத்து அதே 30 மி.மீ. ஏற்றியபோது மாற்றம் 5 நிமிடம்தான். உயரத்தை அங்கேயே நிறுத்துவது என்று முடிவானது. கார்க்காரருக்கு முகம் வாடியது என்னவோ உண்மை, ஆனால் அளவு எடுக்கும்போது அவரும் பக்கத்தில் நின்றதால் வாதாடவில்லை.

ஸ்பிரிங்

காயில்ஓவர் பெட்டியில் முன் ஸ்பிரிங் மி.மீ.க்கு 70 நியூட்டன், பின் 60 என்று எழுதியிருந்தது. இந்த எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது. சக்கரம் ஒரு மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்பதுதான் மோஷன் ரேஷியோ. இந்த வண்டியில் முன்னால் 0.95, பின்னால் ஸ்பிரிங் உள்ளே தள்ளி ஆர்ம் மேல் நிற்பதால் 0.7. இந்த விகிதம் விசையையும் குறைக்கிறது, தூரத்தையும் குறைக்கிறது, அதனால் இருமுறை பெருக்க வேண்டும். சக்கரத்தில் உணரப்படும் கடினத்தன்மை முன்னால் 63 ஆகவும், பின்னால் வெறும் 29 ஆகவும் வருகிறது. கம்பெனி ஸ்பிரிங்கில் அது முறையே 25, 22. புதுத் தொகுப்பு முன்பக்கத்தை இரண்டரை மடங்காக்கியது, பின்பக்கத்தை மூன்றில் ஒரு பங்குதான் கூட்டியது. அண்டர்ஸ்டீருக்கு (வளைவில் மூக்கு உள்ளே வராமல் வெளியே போவது) இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது.

கடினத்தன்மையை அதன் மேல் நிற்கும் எடையோடு சேர்த்துப் பார்த்தால் அதிர்வெண் (ஸ்பிரிங் மேல் உடல் விநாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது) கிடைக்கும். எண்ணிப் பேச அதுவே நல்ல மொழி, ஏனென்றால் எடை வேறுபட்ட கார்களையும் ஒப்பிடலாம். சக்கரம், பிரேக், நக்கிள் போன்ற ஸ்பிரிங்குக்குக் கீழுள்ள எடையைக் கழித்தால், இந்த வண்டியில் முன்மூலைக்கு 381 கிலோ, பின்மூலைக்கு 234 கிலோ. கம்பெனி நிலையில் முன் 1.3 ஹெர்ட்ஸ், பின் 1.55. காயில்ஓவரில் முன் 2.05, பின் 1.78.

முன் கூடுதல், பின் குறைவு என்று தலைகீழாக நிற்பதைக் கவனிக்க வேண்டும். 1930-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி, எடையை இடம் மாற்றக்கூடிய ஒரு சோதனைக் காரை வைத்து, பின்பக்க அதிர்வெண் முன்பக்கத்தைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் வண்டி முன்னும் பின்னும் தலையாட்டாமல் தட்டையாகப் போகும் என்று காட்டினார். காரணம் எளியது: மேட்டை முன்சக்கரம் முதலில் தொடுகிறது. 2.6 மீட்டர் வீல்பேஸ் உள்ள கார் 80 கி.மீ. வேகத்தில் போனால், பின்சக்கரம் அதே மேட்டை ஏறத்தாழ 0.12 விநாடி தாமதமாகத் தொடும். பின்பக்கம் கொஞ்சம் விரைவாக ஆடினால் அந்தத் தாமதத்தை எட்டிப் பிடித்து, முன்னோடு சேர்ந்து ஒரே தாளத்தில் ஏறி இறங்கும். தலைகீழாக இருந்தால் வித்தியாசம் வளர்ந்துகொண்டே போகும். நெடுஞ்சாலையில் பின்னிருக்கையில் உட்கார்ந்தவர்களுக்குக் குமட்டுகிறது என்று கார்க்காரர் போகிற போக்கில் சொன்னதும் இதுதான். இறுக்கிய டாம்பரும் வேகமும் கூடக்கூட இந்த விதி அவ்வளவு கறாராகப் பொருந்தாது. பந்தயக் கார்களில் வேண்டுமென்றே மாற்றியும் வைப்பார்கள். சாலைக் காருக்கு இன்றும் நல்ல தொடக்கப் புள்ளி.

முன்பக்கத்துக்கு நான் குறித்த இலக்கு 1.55 ஹெர்ட்ஸ். ஒன்றரையை ஒட்டிய எண், மோசமான தார்ச்சாலையில் டயரைத் தரையிலேயே வைத்திருக்கவும், பிரேக்கில் மூக்கு அதிகம் குனியாமல் இருக்கவும் இடையே ஒத்துவரும். இரண்டைத் தாண்டினால் வழவழப்பான பந்தயத் தடத்துக்குச் சரி. ஒட்டுப்போட்ட சாலையில் ஒவ்வொரு ஒட்டிலும் டயர் மேல் விழும் சுமை கூடிக் குறையும், சுமை ஆடினால் பிடிப்பின் சராசரி குறையும். கெட்டியான ஸ்பிரிங் வேகமாகத் தோன்றுவது அது தரும் உதறலால். கடிகாரம் வேறு கதை சொல்லும்.

கணக்குப்படி முன்னால் 40 நியூட்டன் ஸ்பிரிங் வேண்டும். பின்னால் 1.75 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 58 தேவை. ஏற்கெனவே இருப்பது 60, தரும் அதிர்வெண் 1.78. ஆக, பின் ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம். ஒரு ஜோடி முன் ஸ்பிரிங் மட்டும் மாற்றியதில் தொகுப்பின் பெரிய குறை தீர்ந்தது.

டாம்பர்

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்த முடியாது. தேவையான டாம்பிங் ஸ்பிரிங் கடினத்தின் வர்க்கமூலத்தோடு மாறுகிறது. டாம்பரை சோதனை இயந்திரத்தில் போட்டுப் பார்த்ததில், விநாடிக்கு 0.1 மீட்டர் வேகத்தில் அமுங்கும்போது 200 நியூட்டன், விரியும்போது 900. பழைய 70 ஸ்பிரிங்குக்கே விரியும் பக்கம் தனியாக கிரிட்டிக்கல் டாம்பிங்கின் (உடல் ஒருமுறைகூட ஊசலாடாமல் அடங்கத் தேவையான அளவு) 0.83 பங்கு. 40 ஸ்பிரிங்கில் அது ஒன்றைத் தாண்டும். அப்படி இறுக்கிய டாம்பர், பள்ளத்தில் சக்கரத்தைக் கீழே விடாது. அடுத்தடுத்து மேடுகள் வந்தால், ஒன்றில் அமுங்கியது விரிந்து முடிவதற்குள் அடுத்தது வந்து, வண்டி படிப்படியாகக் கீழே உட்காரும். ஏற்கெனவே 14 மி.மீ.தான் மிச்சம் இருந்த வண்டியில் இது என்ன செய்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெளியே உள்ள திருகைச் சுற்றிக் குறைக்கலாமே என்று கேட்பார்கள். இந்த மாதிரி ஒற்றைத் திருகு டாம்பர்களில் அது பெரும்பாலும் மெதுவான அசைவை மட்டும் தொடும் ஒரு சிறு கசிவுவழி. வேகத்தோடு டாம்பரின் விசை எப்படி ஏறுகிறது என்ற வரைகோட்டின் அடிப்படைத் தன்மையை பிஸ்டன் மேல் அடுக்கியிருக்கும் மெல்லிய எஃகு வட்டுகள் தீர்மானிக்கின்றன. எனவே டாம்பரைப் பிரித்து அந்த அடுக்கை மாற்றினோம். அதே வேகத்தில் இப்போது அமுங்க 220, விரிய 520. சராசரி எடுத்தால் கிரிட்டிக்கல் டாம்பிங்கின் 0.45 பங்கு. வசதிக்காகச் செய்த சாதாரணக் கார்களில் இது 0.25-ஐ ஒட்டி இருக்கும். உடல் அசைவு ஒரே மூச்சில் அடங்க வேண்டும், ஆனால் கூர்மையான ஒட்டு ஒவ்வொன்றும் உள்ளே கேட்கக் கூடாது என்பதால், வேகமான அசைவில் அந்த வரைகோடு தட்டையாகப் போகும்படி வைத்தோம். எனக்குச் சஸ்பென்ஷன் வேலையில் மிகவும் பிடித்த பகுதி இது. மற்ற எல்லாவற்றையும் கணக்குப் போட்டு நெருங்கலாம், டாம்பரில் கடைசிப் பத்து சதவீதம் ஓட்டித்தான் தெரியும்.

ஆன்ட்டி-ரோல் பார் (இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) பற்றிச் சுருக்கமாக. கார்க்காரர் பின்னால் 20 மி.மீ. பாருக்குப் பதில் 24 மி.மீ. வாங்கி வைத்திருந்தார். பாரின் கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், அதனால் அந்த 4 மி.மீ. இரண்டு மடங்குக்கும் மேல். முன் ஸ்பிரிங் மென்மையானதும் முன், பின் சக்கரக் கடினங்களின் விகிதம் 2.15-லிருந்து 1.23-க்கு வந்துவிட்டது, கம்பெனி நிலையில் அது 1.14. மூக்கு உள்ளே வர இதுவே போதும். ஈரச்சாலையில் வளைவு நடுவே ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எப்படி நடந்துகொள்ளும் என்பது எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது. 24 மி.மீ. பாரின் பெட்டி பிரிக்காமலேயே இருக்கிறது.

நான்கு மூலை எடை

உயரத்தைச் சக்கர வளைவிலிருந்து டேப்பால் அளந்து நான்கு பக்கமும் சமமாக வைத்திருந்தார்கள். உடல் தகடுகள் அவ்வளவு துல்லியமாக இருப்பதில்லை. தராசுகளில் ஏற்றியபோது குறுக்கு எடை 52.3 சதவீதம்: வலது முன், இடது பின் மூலைகள் மட்டும் அதிகம் சுமந்தன. இடது வளைவும் வலது வளைவும் வேறு வேறு வண்டி போல இருந்ததற்கும், கடும் பிரேக்கில் இடது முன்சக்கரத்தில் ஏபிஎஸ் முந்திக்கொண்டதற்கும் இது பொருந்துகிறது. ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்குச் சமமான பாரம், பாதி டேங்க் எரிபொருள், சரியான காற்று, ஆன்ட்டி-ரோல் பார் இணைப்பு கழற்றிய நிலை. இவற்றோடு ஸ்பிரிங் தட்டுகளைத் திருகி 50.1-க்குக் கொண்டுவந்தோம். ஒரு மூலையை உயர்த்தினால் அதற்கும், அதன் மூலைவிட்ட எதிர்மூலைக்கும் எடை கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியும்.

அலைன்மென்ட்

வந்தபோது இருந்த நிலை இது. முன் கேம்பர் இடது மைனஸ் 2 டிகிரி 10 நிமிடம், வலது மைனஸ் 1 டிகிரி 20. காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீரிங் அச்சு பின்னுக்குச் சாயும் கோணம்) இடது 6 டிகிரி 40, வலது 7 டிகிரி 5. முன் டோ மொத்தம் 24 நிமிடம் வெளியே. பின் கேம்பர் இரண்டும் மைனஸ் இரண்டரையை ஒட்டி. பின் டோ இடது 22 நிமிடம் உள்ளே, வலது 2 நிமிடம் வெளியே.

டயரைத் தின்றது கேம்பர் என்று கார்க்காரர் நம்பிக்கொண்டிருந்தார். முதல் குற்றவாளி டோ. மொத்தம் 24 நிமிடம் என்றால் ஒரு சக்கரத்துக்கு 12 நிமிடம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் பக்கவாட்டில் மூன்றரை மீட்டர் இழுபட்டிருக்கிறது. கேம்பர் செய்தது, அந்தத் தேய்மானத்தை உள்விளிம்பில் குவித்தது மட்டும்தான். டோ சரியாக இருந்தால் ஒன்றரை டிகிரி நெகட்டிவ் கேம்பரைச் சாலை டயர் நன்றாகவே பொறுத்துக்கொள்ளும், அதுவும் வளைவில் ஓட்டுபவர் கையில்.

கேம்பர் வித்தியாசம் வண்டியை வலப்பக்கம் இழுக்கும், காஸ்டர் வித்தியாசம் குறைந்த பக்கமான இடப்பக்கத்துக்கு இழுக்கும். இரண்டும் ஓரளவு ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் வேர் ஒன்றே: எப்போதோ ஒரு வேலைக்காக இறக்கி ஏற்றிய முன் சப்ஃப்ரேம் (லோயர் ஆர்ம்கள் மாட்டப்படும் சட்டம்) ஒருபக்கமாக நகர்ந்து மாட்டப்பட்டிருந்தது. போல்ட்டைத் தளர்த்தி ஏறத்தாழ 5 மி.மீ. நகர்த்தி மையப்படுத்தியதும் இருபக்கக் கேம்பரும் நெருங்கி வந்துவிட்டன, காஸ்டரும் கூடவே வந்தது. இதைச் செய்யாமல் ஒரு பக்கம் கேம்பர் போல்ட் போட்டுச் சமன் செய்திருந்தால் தாளில் எண் அழகாக இருக்கும், ஸ்டீரிங் அச்சின் சாய்வு இரு பக்கமும் வேறுவேறாகவே இருந்திருக்கும்.

பின் டோவில் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, அதாவது 12 நிமிடம், த்ரஸ்ட் கோணம். பின்சக்கரங்கள் சேர்ந்து வலப்பக்கம் பார்க்கின்றன. நேராகப் போக வேண்டுமானால் முன்சக்கரங்களும் அதே அளவு வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஸ்டீரிங் விகிதம் 15 என்றால் ஸ்டீரிங் 3 டிகிரி கோணலாக நிற்கும். முன்னால் மட்டும் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, ஸ்டீரிங் கோணலைச் சரிசெய்ய டை ராடைத் திருகிக்கொண்டிருப்பது இதனால்தான் முடிவதே இல்லை. பின்பக்கத்தை முதலில் முடித்து, பிறகு முன் காஸ்டர், கேம்பர், கடைசியாக முன் டோ. கேம்பரைத் தொட்டால் டோ மாறும், டோவைத் தொட்டால் கேம்பர் அவ்வளவாக மாறாது.

வைத்த அளவுகள்: முன் கேம்பர் இருபக்கமும் மைனஸ் 1 டிகிரி 30. காஸ்டர் 7 டிகிரி, பக்க வித்தியாசம் 5 நிமிடத்துக்குள். முன் டோ மொத்தம் 2 நிமிடம் வெளியே, நடைமுறையில் பூஜ்யம். பின் கேம்பர் மைனஸ் 1 டிகிரி 20. பின் டோ ஒவ்வொரு பக்கமும் 7 நிமிடம் உள்ளே.

முன் கேம்பருக்கு ஏன் ஒன்றரை? இந்த வண்டி வேகமான வளைவில் 3 டிகிரி வரை சாய்கிறது என்று எடுத்துக்கொண்டால், ஸ்ட்ரட் அமைப்பில் வெளிச்சக்கரம் அதில் இரண்டேகால் டிகிரியை பாசிட்டிவ் பக்கம் இழக்கும். காஸ்டர் ஸ்டீரிங் திருப்பத்தோடு அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும்: 4 டிகிரி திருப்பத்தில் அரை டிகிரி, 10 டிகிரி திருப்பத்தில் ஒன்றேகால் வரை. ஒன்றரையில் தொடங்கினால் வெளி டயர் ஏறத்தாழ நேராக நிற்கும். இரண்டரை வைத்தால் வளைவில் இன்னும் சற்றுப் பிடிப்பு கிடைக்கலாம், ஆனால் நேராகப் பிரேக் போடும்போது டயரின் உள்பாதிதான் வேலை செய்யும். சாலையில் ஒருவரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் நேரான பிரேக்தான்.

முன்சக்கர இயக்கத்தில் இழுவிசை சக்கரங்களை உள்ளே திருப்பப் பார்க்கும், அதனால் டோவைப் பூஜ்யத்திலோ நூலளவு வெளியேயோ வைக்கலாம். பின்சக்கர இயக்கமாக இருந்தால் முன்டோவைச் சற்று உள்ளே வைத்திருப்பேன். பின்னால் உள்டோ இல்லாமல் விட எனக்கு மனம் வராது. அவசரமாகத் தடம் மாறும்போது பின்பக்கத்தை உட்காரவைப்பது அதுதான். பின் கேம்பரை முன்னைவிடக் குறைத்தது, மூக்கு கொஞ்சம் ஆர்வமாகத் திரும்பட்டும் என்பதற்காக.

காற்றழுத்தம் குளிர்ந்த நிலையில் முன் 2.4 பார், பின் 2.3. டயரின் சூடு 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் 0.1 பார் அளவு ஏறும், அதனால் வெயிலில் நின்ற பிறகோ ஓட்டி வந்த உடனோ அளந்து குறைப்பதில் அர்த்தமில்லை.

ஓட்டியபோது

பிரேக்கில் நெளிவது போய்விட்டது, அதற்கான பெருமை புஷ்ஷுக்கு. லாரித் தடத்தில் ஏறினால் கைக்குத் தெரிகிறது, இழுப்பதில்லை. கேபிள் டை இப்போது கடும் வளைவில் பம்ப் ஸ்டாப்பின் நுனியை மட்டும் தொட்டு நிற்கிறது. முன்பு அரை அடி தாவிய அதே வளைவு மேட்டில் சக்கரம் ஏறி இறங்குகிறது, உடல் தன் கோட்டிலேயே போகிறது. அதே மலைப்பாதையில் அவர் இப்போது பிரேக்கைத் தாமதமாகவும் ஆக்சிலரேட்டரைச் சீக்கிரமாகவும் தொடுகிறார். பின்னிருக்கைக்காரர்களும் புகார் சொல்வதில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஸ்டீரிங்கைத் திருப்பிய முதல் கணத்தில் பழைய வண்டி உடனே பதில் சொன்னது, இது சற்றுச் சாய்ந்து உட்கார்ந்த பிறகு சொல்கிறது. "ஆரம்பத்துல கொஞ்சம் சோம்பலா இருக்குண்ணா" என்றார். டாம்பரில் மெதுவான அசைவுக்கான அந்தத் திருகை இரண்டு சொடுக்கு இறுக்கியதில் பெரும்பகுதி திரும்ப வந்தது. மீதியைக் கூட்ட வேண்டுமென்றால் முன் டோவை 6 நிமிடம் வரை வெளியே தள்ளலாம், ஆனால் நெடுஞ்சாலையில் அந்த அலைச்சல் திரும்பும். அவர் இப்படியே இருக்கட்டும் என்றார்.

புது ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு மறுபடி அளந்தபோது முன் உயரம் 3 மி.மீ. இறங்கியிருந்தது, டோ 5 நிமிடம் வெளியே போயிருந்தது. உயரத்தையும் டோவையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம். அதற்குப் பிறகு ஓடிய தூரத்தில் முன்டயரின் உள், நடு, வெளிப் பள்ளங்களுக்கு இடையே அரை மி.மீ.க்குள் வித்தியாசம். அடுத்த டயர் மாற்றத்தின்போது அலைன்மென்ட்டுக்கு முன்பாக லோயர் ஆர்ம் புஷ்ஷை நெம்பிப் பார்க்கச் சொல்லிக் குறிப்பில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.